தேதி இல்லாத நேர்காணல்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

உன் பிஸ்கட் டின் நேற்று மதியம் வந்து சேர்ந்தது. சணல் கயிற்றில் எத்தனை முடிச்சு! தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "உள்ள என்னம்மா, உசுருள்ளது எதுவும் இல்லையே?" என்று கேட்டார். "எங்கண்ணனோட பதினோரு வருஷ உழைப்பு" என்றேன். "அப்ப பத்திரமா வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, படியில் பொத்தென்று போட்டுவிட்டுப் போனார்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். பதிப்பகத்தின் கடிதத்தையும் படித்தேன். 'துணைநூற்பட்டியல் ஒரே சீராக இல்லை, ஆகஸ்ட் முதல் தேதிக்குள் திருத்தி வராவிட்டால் நூல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.' மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். நானாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இருபது வருஷமாக ஊரார் ஆய்வேடுகளுக்கெல்லாம் பட்டியல் ஒழுங்கு பண்ணிப் பிழைக்கிறவளுக்கு ஒரு அண்ணன். அந்த அண்ணனுடைய பட்டியல் இப்படி. வெளியே சொன்னால் என் வேலை போய்விடும்.

ஒரு அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நம்ம தாடிக்காரர்' என்று இருக்கிறது. இன்னொன்றில் 'நீல அட்டை போட்ட புத்தகம், 40-ஆம் பக்கத்துக்கு அக்கம்பக்கம்.' இணையதளத்திலிருந்து எடுத்த எதற்கும் பார்த்த தேதி இல்லை. புத்தகம் அப்படியே இருக்கும், அண்ணா. இணையப் பக்கம் நாளைக்கே மாறிவிடும். அதனால்தான் என்றைக்குப் பார்த்தாய் என்று கேட்கிறார்கள். தொகுப்பு நூலில் வந்த கட்டுரைக்குக் கட்டுரையாளர் பெயரும் வேண்டும், தொகுத்தவர் பெயரும் வேண்டும். நீ யாருடைய பெயர் முதலில் ஞாபகம் வந்ததோ அதைப் போட்டிருக்கிறாய்.

நேர்காணல்கள் இருபத்தேழு. படகோட்டிகள் பெயர் சொல்ல விரும்பாததால் தொழிலை வைத்தே குறிக்கலாம் என்று பதிப்பகம் ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் இடமும் தேதியும் கட்டாயம். ஒலிப்பதிவு இருந்தால் எத்தனை நிமிடம் என்பதும் வேண்டும். ஆறு அட்டைகளில் தேதி இல்லை. அந்த ஆறையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். நிரப்பி அனுப்பு. ஒலிப்பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பு.

முன்னுரையைப் படித்தேன். 'என் தாயின் கடைசி மூன்று நாள்களில் நான் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த ஒரு தீவில், வயதான படகோட்டி ஒருவரின் குடிசையில் இருந்தேன். காற்று அடங்கவில்லை. படகு இல்லை' என்று தொடங்கும் பத்தி நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்தேன்.

அழுதாயா என்று கேட்பாய். இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் தெரியுமல்லவா? தொட்டால் தொட்டது தெரியும், வேறொன்றும் தெரியாது. அம்மா போனதிலிருந்து எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. கஷ்டம் என்று சொல்ல முடியாது. வேலைக்கு வசதியாகக்கூட இருக்கிறது.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதே.

உன் பிழைகளோடு மல்லுக்கட்டும்,
சுண்டு


ஜூன் 12

அன்புச் சுண்டு,

சுண்டெலி மாதிரி இருக்கிறாளே என்று நீ பிறந்த அன்று அப்பா சொன்னார். எலி பெரிதாகி என் அட்டைகளைக் கடித்துக் குதறும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உன் கடிதத்தை அண்ணியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். 'தாடிக்காரர்' வந்ததும் சிரித்து, "முப்பது வருஷமா நானும் இதைத்தான் சொல்றேன், கேட்டாரா?" என்று உன் கட்சியில் சேர்ந்துவிட்டாள். முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு முன்னைவிட அதிகமாக மாடி ஏறுகிறாள்.

ஃபோனில் பேசினால் பாதி மறந்துபோகிறது என்று நீ சொன்னது சரிதான். இப்படிக் காகிதத்தில் எழுதுவது நன்றாக இருக்கிறது. கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தபால் எல்லாம் வங்கியிலிருந்துதான்.

தாடிக்காரரின் முழுப்பெயரைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன். நீல அட்டைப் புத்தகத்தை நூலகத்தில் போய் எடுத்துப் பார்த்தேன், அட்டை பச்சை. பக்கம் 71. இணையதளம் எல்லாவற்றையும் மறுபடி திறந்து பார்த்து, பார்த்த தேதி ஜூன் 10 என்று போட்டுவிட்டேன். இரண்டு பக்கங்கள் இப்போது இல்லவே இல்லை. அவற்றை என்ன செய்ய?

ஆறு நேர்காணல்களில் ஐந்துக்குத் தேதி குறித்துவிட்டேன். ஆறாவது அந்தத் தீவுப் படகோட்டி. அதைப் போய் என்னிடம் கேட்கிறாயே, சுண்டு. உனக்குத் தெரியாத தேதியா? மார்ச் 7 முதல் 9 வரை என்று போட்டுக்கொள்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். முன்னுரையின் அந்தப் பத்தியைப் பின்னட்டையில் போடப்போகிறார்களாம். பதிப்பகத்துப் பெண் ஃபோன் செய்தாள். "சார், அதைப் படிச்சிட்டு எங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன் சார்" என்றாள்.

பென் டிரைவ் இதோடு இருக்கிறது. இருபத்தேழும் அதில் உண்டு. கோப்புகளின் பெயர்களைப் பார்த்துத் திட்டாதே.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. கணினி முன்னால் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்காராதே.

அன்போடும் கொஞ்சம் பயத்தோடும்,
அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

கோப்பின் பெயர்களைப் பார்த்துத் திட்டாதே என்றாய். 'புதுசு', 'புதுசு2', 'இதுதான் சரி', 'இது இல்லை'. திட்டவில்லை. சும்மா எழுதிக் காட்டுகிறேன்.

நூல்கள், கட்டுரைகள் முடிந்தன. செய்தித்தாள்களில் ஒரு சிக்கல்: எழுதியவர் பெயர் இல்லாத செய்தி என்றால் தலைப்பை முதலில் போட வேண்டும், பத்திரிகையின் பெயர் சாய்வெழுத்தில் வரும். நீ எல்லாவற்றுக்கும் 'நிருபர்' என்று ஒரே ஆளைப் போட்டிருக்கிறாய். உன் பட்டியலின்படி அந்த நிருபர் நூற்றிருபது வருஷமாகச் செய்தி சேகரித்துக்கொண்டிருக்கிறார். பழைய துறைமுக வரைபடத்துக்கு அளவுவிகிதம் வேண்டும். காணாமல் போன இரண்டு இணையப் பக்கங்களையும், அவை தாங்கிய வாக்கியங்களையும் எடுத்துவிடு. பார்க்க முடியாததைப் பார் என்று வாசகரிடம் சொல்லக் கூடாது.

நிமிடக் கணக்குக்காக ஒலிப்பதிவுகளைத் திறந்தேன். திறந்த பிறகு கேட்கவும் செய்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே அட்டைகளைச் சரிபார்க்கிறேன். உன் குரல் வீட்டில் இருப்பது நல்ல துணை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், கூட இருப்பவர் யார் என்று நீ வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எனக்குப் பெரிய உதவி. உன் அட்டைகளை நம்பாமல் உன் குரலை நம்பி மூன்று தேதிகளைத் திருத்தினேன்.

தீவுப் படகோட்டியின் பதிவு ஐம்பத்திரண்டு நிமிடம். தொடக்கத்தில் நீ சொல்வது இது: "இன்னைக்கு மார்ச் இருபத்தாறு. இடம், தீவு, ஐயாவோட குடிசை. நாங்க ரெண்டு பேர் மட்டும்."

வருஷமும் சொல்கிறாய். அம்மா போன அதே வருஷம்தான்.

இது வேறொரு பதிவாக இருக்க வேண்டும். ஏழிலிருந்து ஒன்பது வரை எடுத்தது இந்தப் பென் டிரைவில் இல்லை. இருக்கிறதா என்று பார்த்து அனுப்பு. இல்லையென்றால் அதை ஒலிப்பதிவில்லாத நேர்காணல் என்று தனியாகக் குறிக்க வேண்டும்; அதற்கு வடிவம் வேறு.

இங்கே இரண்டு நாளாக மழை. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. ஆள் வருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
சுண்டு


ஜூலை 1

அன்புச் சுண்டு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துவிடு. அண்ணியைக் கால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பிறகு எனக்கும் இரண்டு நாள் சளி.

நிருபரைப் பற்றி எழுதியதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அவருக்கு ஓய்வு கொடுத்துவிடு. வரைபடத்தின் அளவுவிகிதத்தை ஆவணக் காப்பகத்தில் கேட்டு எழுதியிருக்கிறேன், இதோடு இருக்கிறது. ஆய்வேடுகளுக்கு 'வெளியிடப்படாதது' என்று சேர்க்க வேண்டுமா? அரசு அறிக்கைக்கு ஆசிரியர் இல்லையென்றால் துறையின் பெயர் போதும்தானே? மொழிபெயர்ப்பாளர் பெயர் தலைப்புக்கு முன்னாலா, பின்னாலா? நீ ஏற்கெனவே சொன்னாய். மறந்துவிட்டேன்.

குழாய்க்கு ஆள் வரவில்லை என்றால் நீயே ஒரு வாஷர் வாங்கி மாற்றிவிடலாம். கஷ்டமில்லை. அப்பா செய்வார், பார்த்திருக்கிறேன்.

தீவு விஷயம். அங்கே நான் இரண்டு முறை போனேன். முதல் முறை, அந்த மார்ச் ஏழாம் தேதி, எதையும் பதிவு செய்யவில்லை. மனநிலை அப்படி. இருபத்தாறாம் தேதி மறுபடி போய்ப் பதிவு செய்தேன். இதை எல்லாம் பிரித்துப் பிரித்து எழுதினால் வாசகருக்குக் குழப்பம். தேதி தெரியாத மூலங்களுக்குத் 'தேதி இல்லை' என்று போடும் வழக்கம் உண்டு என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அப்படியே போட்டுவிடேன். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. யாரும் பார்க்கப்போவதில்லை.

பின்னட்டை அச்சுக்குத் தயாராகிவிட்டது. ஒரு பிரதி வந்தால் உனக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 8

அண்ணா,

மொழிபெயர்ப்பாளர் தலைப்புக்குப் பின்னால். அரசு அறிக்கைக்குத் துறையின் பெயர் போதும். ஆய்வேட்டுக்கு 'வெளியிடப்படாதது' என்று சேர்க்க வேண்டும், பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டும்.

வாஷர் மாற்றிவிட்டேன்.

'தேதி இல்லை' என்பது யாருக்குமே தேதி தெரியாதபோது போடுவது. அட்டை கிழிந்த புத்தகம், நாள் குறிக்காத துண்டறிக்கை, அந்த மாதிரி. எனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று எழுத இதுவரை யாருக்காகவும் சம்மதித்ததில்லை.

ஐம்பத்திரண்டு நிமிடத்தையும் மூன்று முறை கேட்டேன். நான்காவது நிமிடத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். டின்னில் நீ எழுத்தாக்கி வைத்திருந்த பிரதியில் இந்தப் பகுதி இல்லை.

"தம்பி இந்தப் பக்கம் வந்திருக்கீங்களா?"

"இல்லீங்கய்யா. இதான் முதல் தடவை."

"அதான் படகுல அப்படிக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு வந்தீங்க. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு."

"பயமில்லீங்க. வேற யோசனை."

"வீட்ல யாரெல்லாம்?"

"சம்சாரம் இருக்கு. ஒரு தங்கச்சி இருக்கா. அம்மா போய் ரெண்டு வாரம் ஆச்சு."

"ஐயோ பாவம். கூட இருந்தீங்களா?"

பதினோரு விநாடி காற்றின் சத்தம் மட்டும் இருக்கிறது. பிறகு துடுப்பு என்ன மரம் என்று கேட்கிறாய்.

அண்ணா, மார்ச் 7 காலையில் நான் உனக்கு ஃபோன் செய்தேன். "அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேன், உடனே வா" என்றேன். "தீவுல மாட்டிக்கிட்டேன் சுண்டு, காத்து அடிக்குது, பத்தாம் தேதிதான் படகாம்" என்றாய். பிறகு ஃபோன் எடுக்கவில்லை. நான் நம்பினேன். "பெத்த தாய்க்கு வராத வேலை என்ன வேலை?" என்று சித்தி கேட்டபோது, நடுத்தெருவில் அவளோடு சண்டை போட்டேன். அதற்குப் பிறகு சித்தி என்னோடு பேசுவதில்லை. அதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை, உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நமக்கு இருப்பது நாம் இரண்டு பேர்தான்.

நீ எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை. பட்டியலில் மார்ச் 26 என்று போட்டால் முன்னுரையின் அந்தப் பத்தியும் பின்னட்டையும் நிற்காது. 7 என்று போட்டால் என் கையால் போட்டதாக இருக்காது. பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன், வேறு யாரையாவது வைத்து முடித்துக்கொள். எது என்று சொல். ஒரு வரி போதும்.

சுண்டு


ஜூலை 17

அன்புச் சுண்டு,

ஒரு வரியில் சொல்ல வேண்டியது: மார்ச் 26 என்று போடு.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கவில்லை என்றாய். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

ஏழாம் தேதி நீ ஃபோன் செய்தபோது நான் ஒரு கட்டுரை வேலையாகத் தீவுக்குப் போகிற வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த பேருந்துக்காகக் காத்திருந்தேன். நீ 'ஆஸ்பத்திரி' என்றதும் எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்னாய். அப்பா போன அதே இடம். அடுத்த விநாடி என் வாய் தீவில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை, சுண்டு.

அப்பா போனபோது உனக்குப் பத்து வயது. எனக்குப் பத்தொன்பது. நீ பயந்துவிடுவாய் என்று அம்மா உன்னோடு வீட்டில் இருந்தாள். உள்ளே நான் மட்டும்தான். நாலு நாள். அவர் எப்படிப் போனார் என்று அம்மாவிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. 'தூக்கத்திலேயே போய்விட்டார்' என்று சொன்னேன். தூக்கத்தில் போகவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு எதிர்த்திசைப் பேருந்தில் ஏறினேன். மத்தியானம் உன் ஊரில் இறங்கினேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறதே, அங்கே நின்றேன். சாலையைத் தாண்டினால் வாசல். தாண்டவில்லை. பின்தெருவில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். எட்டாம் தேதி காலையிலிருந்து மறுபடி அங்கேயே நின்றேன். மதியம் மழை பெய்தது. என்னிடம் குடை இல்லை. கடைக்காரர் "உள்ள வந்து நில்லுங்க சார், யாருக்காக நிக்கிறீங்க?" என்று கேட்டார். "எங்கம்மா மேல இருக்காங்க" என்றேன். "அப்ப போய்ப் பாருங்க" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

உன்னைப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி காலை மருந்துக்கடைக்கு இறங்கி வந்தாய். வலது செருப்பின் வார் அறுந்து, அதை இழுத்து இழுத்து நடந்தாய். பத்தடி தூரம். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்ப உள்ளே போனாய். அன்று மாலை அம்மா போய்விட்டாள். பத்தாம் தேதி நான் 'படகிலிருந்து' வந்தேன். நீ என் தோளில் சாய்ந்து, "பரவால்லண்ணா, நீ என்ன பண்ணுவ" என்றாய்.

இருபத்தாறாம் தேதி தீவுக்குப் போனது, சொன்ன பொய்க்கு ஒரு இடமாவது உண்மையாக இருக்கட்டும் என்றுதான். இந்தப் புத்தகமே அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அண்ணியிடம் சொன்னேன், வகுப்பில் சொன்னேன், கடைசியில் எழுதினேன். எழுதும்போது அந்தக் குடிசையும் காற்றும் எனக்கு நிஜமாகவே ஞாபகத்தில் இருந்தன.

பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். அந்தப் பத்தியை எடுத்தாகிவிட்டது. பின்னட்டைக்கு வேறு ஏதோ போடுகிறார்கள். அண்ணியிடம் நேற்றுச் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னும் பேசவில்லை.

ஆகஸ்டில் உன்னைப் பார்க்க வரலாம் என்று இருக்கிறேன். நீ சரி என்றால்.

பதினோரு வருஷமாக நான் உன்னிடம் கேட்காத ஒன்று இருக்கிறது. அந்த மூன்று நாளில் அம்மா என்னைக் கேட்டாளா? என்ன சொன்னாள்? சொல்லாமல் விட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

உன்
அண்ணன்


ஜூலை 26

அண்ணா,

பட்டியல் முடிந்துவிட்டது. இருநூற்றுப் பத்துப் பதிவுகள். காணாமல் போன இணையப் பக்கங்கள் இரண்டையும் எடுத்துவிட்டேன். நேற்றே பதிப்பகத்துக்கு நேராக அனுப்பினேன். உனக்கு ஒரு நகல் இதோடு இருக்கிறது. நேர்காணல்களில் பதினெட்டாவது: 'படகோட்டி, தீவு, மார்ச் 26, ஒலிப்பதிவு, 52 நிமிடம்.' மற்றவை எப்படியோ அப்படியே அதுவும் இருக்கிறது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். எழுந்தேன், வேலை செய்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். இடையில் ஒருநாள் சித்தியின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டேன். அழைக்கவில்லை. என்ன சொல்லி அழைப்பது?

அப்பா தூக்கத்தில் போனார் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பத்தொன்பது வயதில் அதை நீ தனியாகப் பார்த்தாய் என்பது வருத்தமாக இருக்க வேண்டும். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக உன்னை மன்னிக்கலாம் என்றும் தோன்றுகிறது. அந்தச் செருப்பை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணன் எங்கோ காற்றில் மாட்டிக்கொண்டு தவிக்கிறான் என்று நினைத்தபடிதான் அன்றைக்கு அதை இழுத்துக்கொண்டு நடந்தேன். பத்தடி தூரம் என்று எழுதியிருக்கிறாய். அளந்து எழுதியிருக்க வேண்டாம்.

ஆகஸ்டில் வர வேண்டாம். எப்போது வரலாம் என்று எனக்குத் தெரியவில்லை; தெரிந்தால் எழுதுகிறேன். எழுதாமலும் போகலாம். அண்ணியோடு இரு. அவளிடம் போய்ப் பேச்சைத் தொடங்க வேண்டியது நீதான், அவள் வருவாள் என்று உட்கார்ந்திருக்காதே.

நீ கேட்டதற்குப் பதில். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நான்கு நாள் நினைத்தேன். கேட்டுவிட்டாய். அது நடந்ததும் நிஜம். நம் இருவரில் ஒருவருக்கு மட்டும் அது தெரிந்திருப்பது சரியில்லை.

முதல் நாள் இரண்டு முறை கேட்டாள். "அவன் வந்துட்டானா?" தீவு, காற்று, படகு எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

எட்டாம் தேதி மதியம். அம்மாவின் கட்டில் மூன்றாம் மாடியில் சாலையைப் பார்த்த ஜன்னலை ஒட்டி இருந்தது. நர்ஸ் அவளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை.

அம்மா சொன்னாள்: "உங்கண்ணன் கீழ நிக்கிறான் பாரு. நனையறான். மேல வரச் சொல்லு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, அண்ணா. காய்ச்சல் ஏறினால் இல்லாததெல்லாம் தெரியும் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். "அண்ணன் தீவுல இருக்கான்மா. நாளை மறுநாள்தான் படகு" என்றேன்.

"இல்லடி. டீக்கடைகிட்ட நிக்கிறான். குடைகூட இல்ல."

"அம்மா, அது அண்ணன் இல்ல. சொன்னா கேளு" என்று கொஞ்சம் அதட்டினேன். நர்ஸைப் பார்த்து, திரையை இழுத்து மூடச் சொன்னேன். மூடினாள்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை நம்பினாள்.

"அப்ப வேற யாரோ" என்றாள்.

இப்படிக்கு,
தங்கை